உஸ்ஸ்ஸ்... ஒரு பழைய வண்டியும் சில ரப்பர் குழாய்களும்

பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டால் "உஸ்ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் லேசாக ஆவி விடுமே, அந்த அளவுதான். இன்ஜின் இரைச்சலில் காதிலேயே விழாது. ஆனால் அந்தச் சின்னச் சத்தத்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே நின்றுபோகப் பார்த்தது.

இடம்: அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டிய பாசடேனா பக்கம். வண்டி: 1986ஆம் வருடத்து டொயோட்டா பிக்கப். 2366 சிசி, நான்கு சிலிண்டர், 22ஆர் என்று பெயர் வாங்கிய இன்ஜின், கார்புரேட்டர் வைத்தது. அந்த இன்ஜின் சாகாது என்று அந்த ஊரில் ஒரு பேச்சே உண்டு. சொந்தக்காரர் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய தோட்டக்காரர். பின்னால் புல்வெட்டும் மெஷின், ரேக், இலை ஊதும் கருவி எல்லாம் ஏற்றிக்கொண்டு தினமும் வீடு வீடாகப் போவார். வண்டி இல்லை என்றால் வேலை இல்லை.

கலிபோர்னியாவில் 1976ஆம் வருட மாடல் முதல் வந்த பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலான பகுதிகளில் 2 வருடத்துக்கு ஒருமுறை 'ஸ்மாக் செக்' என்ற புகைப் பரிசோதனை உண்டு. நம் ஊர் புகைச் சான்றிதழ் மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய வண்டிகளை உருளைகளின் மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகத்தில் ஓடவிட்டு, சைலன்சரில் கருவியைச் செருகி அளப்பார்கள். பானெட்டைத் திறந்து, கம்பெனி வைத்த புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்ப்பார்கள். தேறவில்லை என்றால் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க முடியாது.

அந்த பிக்கப் தேறவில்லை. எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் இரண்டுமே அளவுக்கு மேல். பார்த்த மெக்கானிக், "கார்புரேட்டரை மாற்றிப் பார்க்கலாம்" என்றார். சில நூறு டாலர் ஆகும். மாற்றினால் தேறிவிடுமா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

இன்னொரு வழியும் இருந்தது. பரிசோதனையில் தேறாத பழைய வண்டியை உடைத்துப்போட மாநில அரசே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் அந்தக் காசில் வேலைக்கு ஆகும் இன்னொரு பிக்கப் கிடைக்காது. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவருக்கு ஒரு மகள். பக்கத்தில் உள்ள இரண்டு வருடக் கல்லூரியில் படிப்பவள். மெக்கானிக் படிப்பெல்லாம் இல்லை. அப்பாவுக்கு ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைச் சின்ன வயதிலிருந்தே படித்துச் சொல்லிப் பழகியவள், அவ்வளவுதான். பரிசோதனைக் காகிதத்தைப் படித்துவிட்டு பானெட்டைத் திறந்து பார்த்தாள். பானெட்டின் உள்பக்கத்தில் மங்கிப்போன ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதில் கோடும் வளைவுமாக ஒரு படம். எந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று கம்பெனியே போட்டுக் கொடுத்த வேக்குவம் ஹோஸ் வரைபடம்.

படத்தைப் பார்த்துவிட்டு இன்ஜினைப் பார்த்தாள். கார்புரேட்டரைச் சுற்றி சுண்டுவிரலை விட மெல்லிய கறுப்புக் குழாய்கள் நூடுல்ஸ் மாதிரி பின்னிக் கிடந்தன. ஒன்றைத் தொட்டு வளைத்தாள். 'டக்' என்று காய்ந்த சுள்ளி போல ஒடிந்தது.

இந்தக் குழாய்களுக்கு என்ன வேலை?

பெட்ரோல் இன்ஜின் ஒரு பெரிய சிரிஞ்சு மாதிரி. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காத நேரத்தில் காற்று வரும் வாசலான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உறிஞ்சுவதற்குக் காற்று போதாததால் உள்ளே பாதி வெற்றிடம் உண்டாகிறது. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, கடல் மட்டத்து ஊர்களில், இந்த உறிஞ்சல் பாதரச அளவில் சுமார் 18 முதல் 20 அங்குலம் வரை இருக்கும். முழு வெற்றிடம் என்றாலே 30 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவுதான். சின்ன இன்ஜினுக்கு எவ்வளவு இழுப்பு பாருங்கள்!

இந்த இழுப்பு சும்மா கிடைக்கிறது. அதனால் கார் செய்தவர்கள் இதை வேலைக்காரனாக வைத்துக்கொண்டார்கள். பிரேக் பூஸ்டர் இந்த இழுப்பால்தான் காலுக்கு உதவுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் தீப்பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே நகர்த்துவதும் இதுதான். பெட்ரோல் டேங்கின் ஆவியைப் பிடித்து வைத்திருக்கும் கரி டப்பாவைக் காலி செய்வதும் இதுதான். கம்ப்யூட்டர் வராத காலத்தில் காரின் நரம்பு மண்டலமே இந்த ரப்பர் குழாய்கள்தான்.

இதில் ஒரு குழாய் வெடித்தால் என்ன ஆகும்? கார்புரேட்டருக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகக் காற்று உள்ளே புகும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். திருட்டுக் காற்று புகுந்தால் இந்தக் கணக்கு கெட்டு, கலவை நீர்த்துப்போகும். நீர்த்த கலவை சில சமயம் பற்றிக்கொள்ளாது. பற்றாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியாக வெளியே போகும். இன்ஜின் நடுங்கும், சிக்னலில் நிற்கும்போது அணைந்துபோகும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய் வெடித்தால் இன்னும் மோசம். பெடல் கல் மாதிரி இறுகிவிடும். நிறுத்த நினைத்த இடத்தில் வண்டி நிற்காது.

புகையைப் பிடிக்க வந்த குழாய்

இத்தனை குழாய்கள் ஏன்? அந்தக் கதை அதே லாஸ் ஏஞ்சலஸில்தான் ஆரம்பிக்கிறது.

1943 ஜூலையில் ஒரு நாள் அந்த நகரத்தை ஒரு புகைமூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. அது இரண்டாம் உலகப்போர்க் காலம். ஜப்பான்காரர்கள் விஷவாயு வீசிவிட்டார்களோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று பல வருடம் யாருக்கும் பிடிபடவில்லை.

பாசடேனாவில் உள்ள கால்டெக் நிறுவனத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். நெதர்லாந்தில் பிறந்தவர். அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். அதே கருவிகளால் ஊர்க்காற்றையும் பிடித்துப் பார்த்தார். 1950களின் ஆரம்பத்தில் அவர் சொன்ன முடிவு இதுதான்: கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து சமைந்து ஓசோன் என்ற வாயுவை உண்டாக்குகின்றன. கண்ணை எரிக்கும் புகைமூட்டம் இப்படித்தான் பிறக்கிறது.

காற்றில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அளக்க அன்று அவர்கள் பயன்படுத்திய ஒரு வழி என்ன தெரியுமா? ரப்பர் துண்டு! ரப்பரை வளைத்துக் காற்றில் வைப்பார்கள். ஓசோன் அதில் விரிசல் போடும். விரிசலை வைத்து ஓசோனைக் கணக்கிடுவார்கள்.

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. 1961இல் கலிபோர்னியா 'பி.சி.வி.' என்ற ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் புகையை வெளியே விடாமல், ஒரு குழாய் வழியாக மறுபடி உறிஞ்சி எரிக்கும் ஏற்பாடு. அமெரிக்காவில் கார்ப் புகையைக் கட்டுப்படுத்தக் கட்டாயமாக்கப்பட்ட முதல் சாதனம் அதுதான். 1970இல் நாடு முழுவதற்கும் கடுமையான தூய காற்றுச் சட்டம் வந்தது. 1970களிலும் 1980களிலும் ஒவ்வொரு புது விதிக்கும் ஒரு வால்வு, ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு குழாய் என்று பானெட்டுக்கு அடியில் காடு வளர்ந்தது. அந்த பிக்கப் அந்தக் காலத்துப் பிள்ளை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஓசோனைக் குறைக்கத்தான் இந்தக் குழாய்களை வைத்தார்கள். அந்த ஓசோனே இந்தக் குழாய்களைத் தின்கிறது. சாதாரண ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோன் அந்த இடங்களை வெட்டும். அதுவும் ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் விரிசலாகத் திறக்கும். ஹோஸ் எங்கே இழுபட்டு நிற்கிறது? முனையில் மாட்டியிருக்கும் இடத்தில். அதனால்தான் பழைய ஹோஸை நடுவில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நுனியில் பார்த்தால் வாய் பிளந்திருக்கும். இதோடு இன்ஜின் சூடும் எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

கடையில் ஹோஸை அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். மகள் பழைய துண்டுகளைக் கையோடு கொண்டுபோய் உள்விட்டம் பார்த்து வாங்கினாள். முனையை விட ஹோஸ் பெரியதாக இருந்தால் காற்று கசியும், மிகவும் சிறியதாக இருந்தால் மாட்டும்போதே கிழியும். பி.சி.வி.க்கும் பெட்ரோல் ஆவிக்கும் போகிற குழாய்களுக்கு எண்ணெயும் பெட்ரோலும் தாங்கும் வகையையே கேட்டு வாங்கினாள். கலர் கலராகக் கிடைக்கும் சிலிக்கான் ஹோஸ் சூட்டையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும், ஆனால் எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் ஊறிப்போகும். பிரேக் பூஸ்டருக்கு அதற்கென்றே உள்ள தடித்த ஹோஸ்தான் வேண்டும். சாதாரண ஹோஸை மாட்டினால் அந்த இழுப்பில் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதன் வழியில் உள்ள ஒருவழி வால்வு எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு அவசரம். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாக வேண்டும். "எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஸ்டிக்கரைப் பார்த்து மாட்டிவிடலாம்" என்றார்.

"வேண்டாம் அப்பா. ஒன்றைக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி மாட்டிவிட்டு, அப்புறம்தான் அடுத்தது" என்றாள் மகள். முதலில் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்தாள். ஒவ்வொரு குழாயிலும் காகித டேப் சுற்றி எண் எழுதினாள். ஸ்டிக்கர் சொல்வது கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த நிலை. 30 வருடத்துக்கு மேல் பல கைகள் புகுந்த வண்டி அது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் எங்கே தப்பு என்று தெரியும்.

அவள் பேச்சைக் கேட்காமல் அவர் ஒரு குழாயைப் பலமாக இழுத்தார். குழாயோடு வால்வின் பிளாஸ்டிக் முனையும் கையோடு வந்துவிட்டது. ரப்பர் காய்ந்தால் பிளாஸ்டிக்கும் காய்ந்துதானே இருக்கும்! இறுகிப்போன ஹோஸை இழுக்கக் கூடாது. லேசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் பிளேடால் நுனியை நீளவாக்கில் கீறி, தோலை உரிப்பதுபோல் உரித்து எடுக்க வேண்டும். முனையில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுக்குப் போய் அதே மாதிரி ஒரு பிக்கப்பைத் தேடிப் பிடித்து அந்த வால்வைக் கழற்றி வந்தார்கள். அந்த வண்டியின் ஹோஸ்களும் அதே மாதிரி நுனியில் பிளந்துதான் கிடந்தன. அரை நாள் போயிற்று.

ஒரு திருகு

பதினோராவது குழாய். ஈ.ஜி.ஆர். வால்வுக்குப் போவது. எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி சிலிண்டருக்குள் அனுப்புவதுதான் அந்த வால்வின் வேலை. கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் அப்படி அனுப்பினால் எரியும் சூடு குறையும். சூடு குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும்.

மகள் அந்தக் குழாயை அமுக்கிப் பார்த்தாள். நடுவில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு திருகு. யாரோ வேண்டுமென்றே உள்ளே செருகி வழியை அடைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் ஒழுங்காக மாட்டியிருப்பதுபோலத்தான் தெரியும்.

"எந்தப் படுபாவி மெக்கானிக் இந்த வேலை செய்தான்?" என்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான்" என்றார்.

போன வருடம் சிக்னலில் இருந்து எடுக்கும்போதெல்லாம் வண்டி திணறி நின்றது. ஒரு நாள் நடுச் சந்திப்பில் நின்று, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். கூட வேலை செய்யும் ஒருவர் இந்த வழியைச் சொன்னார். திருகைச் செருகியதும் திணறல் குறைந்தது. அப்போதும் ஐடிலில் அணைந்ததால் ஐடில் திருகையும் கொஞ்சம் ஏற்றி வைத்தார். மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதம் அது. மெக்கானிக்கிடம் போகக் கையில் காசில்லை. அதை அவர் சொல்லவில்லை. அவளே கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டாள்.

யோசித்துப் பார்த்தால் அவர் மேல் தப்புச் சொல்வதும் கஷ்டம். திணறல் உண்மை, திருகைச் செருகியதும் அது குறைந்ததும் உண்மை. ஆனால் நோய் ஈ.ஜி.ஆர். வால்வில் இல்லை. வேறு குழாய்களின் வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து கலவை ஏற்கனவே நீர்த்திருந்தது. அதன்மேல் ஈ.ஜி.ஆர். புகையும் சேர்ந்ததும் இன்ஜின் தாங்கவில்லை. வெடிப்பை விட்டுவிட்டுப் புகையை நிறுத்தினார், திணறல் நின்றது, நைட்ரஜன் ஆக்சைடு ஏறியது. ஒரு ஓட்டையை மறைக்க ஒரு திருகு, அது போதாமல் இன்னொரு திருகு. அடுத்தது கார்புரேட்டராக இருந்திருக்கும்.

சரி செய்த பிறகுதான் பிரச்சினை

இருட்டும் நேரத்தில் கடைசிக் குழாயை மாட்டி இன்ஜினைக் கிளப்பினார்கள். 'உஸ்ஸ்' சத்தம் இல்லை. ஆனால் இன்ஜின் முன்பை விட வேகமாகக் கத்தியது! அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. காலையிலிருந்து பாடுபட்டு வண்டியைக் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தார்.

கெடவில்லை. ஓட்டை இருந்த காலத்தில், அணையாமல் இருக்க அவர் ஏற்றி வைத்த ஐடில் திருகு அப்படியே இருந்தது. ஓட்டை போய்விட்டது, ஓட்டைக்காகச் செய்த ஏற்பாடு போகவில்லை. பழைய வண்டியில் ஹோஸ் மாற்றியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பயந்துபோய்ப் பாதியில் விட்டுவிடுவார்கள். ஸ்டிக்கரில் போட்டிருந்த ஐடில் அளவுக்குத் திருகை மெதுவாக இறக்கினாள் மகள். இன்ஜின் படிப்படியாக இறங்கி, ஒரு இடத்தில் சீராக நின்றது. டேஷ்போர்டின் மேல் வைத்திருந்த காபி டம்ளரில் அலை இல்லை.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்தார்கள். சிலர் கார்புரேட்டர் கிளீனரை ஸ்பிரே செய்து பார்ப்பார்கள். சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும், வேண்டாத வேலை. ஒரு நீளமான ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டுபோனால் போதும். கசிவு இருந்தால் டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பில் கேட்பதுபோலக் கேட்கும். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை மிதித்துப் பார்த்தார்கள். முதல் மிதிக்குப் பெடல் மெத்தென்று இறங்கியது. பூஸ்டரில் இழுப்பு நிற்கிறது என்று அர்த்தம்.

அடுத்த வாரம் வண்டி மறுபடி உருளைகளின் மேல் ஏறியது. 15 மைல், 25 மைல். இரண்டிலும் தேறியது. நைட்ரஜன் ஆக்சைடு வரம்புக்குக் கீழே வந்திருந்தது. யார்டில் வாங்கிய வால்வையும் சேர்த்து மொத்தச் செலவு, கார்புரேட்டருக்குச் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குதான்.

எடுத்த பழைய குழாய்களை எல்லாம் ஒரு காபி டின்னில் போட்டு ஷெட்டில் வைத்திருக்கிறார் தோட்டக்காரர். ஏன் தூக்கிப் போடவில்லை என்று மகள் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் ஒரு துண்டை எடுத்து வளைத்தார். விரிசல்கள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. 1950களில் கால்டெக்கில் ரப்பரை வளைத்துப் பார்த்தவர்கள் கண்ட அதே விரிசல். அந்தக் கல்லூரிக்கு அருகில் உள்ள தெருக்களில்தான் அவர் தினமும் புல் வெட்டுகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த டின்னின் அடியில் அந்தத் திருகும் கிடக்கிறது. இப்போதெல்லாம் வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் அவர் முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதில்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு துண்டு ஹோஸைக் காதில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கேட்கிறார்.